டாக்டர் அம்மா வண்டி ஏன் கொதிச்சது

ரெண்டு மாசமா பசங்க என்னை நச்சரிக்கிறானுங்க. கடலூர்ல கார் ஷெட் வெச்சிருக்கறவங்க எல்லாம் சேர்ந்து போன்ல ஒரு குரூப் ஓட்டுறானுங்க. அதுல ஒருத்தன், "அண்ணே, ஸ்கேனர் இல்லாத காலத்துல எப்படிண்ணே கோளாறு கண்டுபிடிச்சீங்க, நாலு பக்கம் எழுதிக் குடுங்க"ன்னு போட்டான். இப்ப வண்டி வந்ததும் ஸ்டீரிங்குக்குக் கீழ ஒரு டப்பாவைச் சொருகுறானுங்க, கோளாறு என்னன்னு போன்ல எழுதிக் காட்டுது. நாங்க காதாலயும் மூக்காலயுமே கண்டுபிடிச்சோம்னு நான் மார்தட்டிக்குவேன்னு எதிர்பாக்குறானுங்க. போங்கடா. நாங்க கண்டுபிடிக்காம விட்டது எவ்வளவுன்னு எனக்குத்தான் தெரியும். ஒரே ஒரு வண்டியைப் பத்தி எழுதுறேன். படிச்சிட்டு எவனும் எனக்குக் கும்பிடு போட வேணாம்.

என் பேரு சவரிமுத்து. மஞ்சக்குப்பத்துல மைதானத்துக்குப் பின்னாடி சந்துல இருந்த ஒரு ஷெட்ல முப்பத்தியொரு வருஷம் மெக்கானிக்கா இருந்தேன். முட்டி ரெண்டும் தேஞ்சி போயி, மூணு வருஷம் முன்னாடி நின்னுட்டேன். ஃபாதருங்க பள்ளிக்கூடத்துல பத்தாவது வரைக்கும் படிச்சேன். கணக்கு வரல. கையெழுத்து மட்டும் அச்சு மாதிரி வந்துச்சி. அப்புறம் ஷெட்டு. மொத ரெண்டு வருஷம் நட்டு போல்ட்டு கழுவினேன், அடுத்த ரெண்டு வருஷம் சக்கரம் கழட்டினேன், அஞ்சாவது வருஷம் எஞ்சின்ல கை வைக்க விட்டாங்க. என் படிப்பு அவ்வளவுதான், அதை நீட்டி எழுத ஒண்ணுமில்ல.

ஷெட்டுக்கு முதலாளியும் எங்களுக்கு மேஸ்திரியும் ஒரே ஆளு. பேரு தனகோட்டி. ஷெட்ல எல்லாருக்கும் மாமா. வண்டி கொண்டாற வக்கீலு, வாத்தியாருகூட மாமான்னுதான் கூப்பிடுவாங்க. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஷெட்டுக்கு வருவாரு, சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதும் அது வெள்ளையாவே இருக்கும். எஞ்சின் ஓடும்போது யாரும் வாயைத் தெறக்கக் கூடாது. நீளமான ஸ்க்ரூ டிரைவரை எஞ்சின் மேல ஊனி, பிடியைக் காதுல வெச்சிக்கிட்டு கண்ணை மூடிக்குவாரு. அப்புறம் ஸ்க்ரூ டிரைவரை என்கிட்ட நீட்டி, இன்னதைக் கழட்டுன்னு ஒரே வார்த்தை சொல்லுவாரு. ஏன் மாமான்னு கேட்டா கையை மட்டும் ஆட்டுவாரு. முக்கால்வாசி நேரம் அவரு சொன்னது சரியா இருக்கும், அதையும் சொல்லிடணும். தப்பாப் போனா வண்டிக்காரனைத் திட்டுவாரு. சந்தோஷமா இருந்தா என்னை மச்சான்னுவாரு, கோவம் வந்தா டேய் சவரி.

இப்ப வால்வு கதையைச் சொல்லணும். எஞ்சின்ல இருந்து ரேடியேட்டருக்குத் தண்ணி போற வழியில கைக்கு அடக்கமா ஒரு வால்வு இருக்கும். பேரு தெர்மோஸ்டாட், எங்க ஷெட்ல வெறும் வால்வு. எஞ்சின் குளிர்ந்து கெடந்தா மூடிக்கும். சூடு ஏறினா தெறக்கும், தண்ணி ரேடியேட்டருக்குப் போயி ஆறிக்கிட்டுத் திரும்பி வரும். எங்க ஊரு போர் தண்ணியில உப்பு ஜாஸ்தி. அந்த உப்பு படிஞ்சி வால்வு மூடினது மூடினபடி இறுகிடும். அப்புறம் எஞ்சின் கொதிக்காம என்ன பண்ணும்? அதனால மாமா ஒரு சட்டம் வெச்சிருந்தாரு. எந்த வண்டி வந்தாலும், எந்த வேலைக்கு வந்தாலும், வால்வைக் கழட்டி மூலையில இருக்கற டிரம்முல போட்டுடணும். "பனியில ஓட்டுறவனுக்குத்தான்டா வால்வு வேணும். சித்திரை வெயில்ல கடலூர்ல ஓட்டுறவனுக்கு அது எதுக்கு?"

பழைய வண்டிங்களுக்கு அது சரியாத்தான் வந்துச்சி. கொதிக்கிற வண்டியா, மாமா ஷெட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போன்னு பண்ருட்டி வரைக்கும் பேரு. வண்டிக்காரங்ககிட்ட நாங்க கேக்கறதும் இல்ல, சொல்றதும் இல்ல. பிரேக்கு பாக்க வந்தவன் வண்டியில இருந்தும் வால்வு டிரம்முக்குப் போவும். வருஷத்துக்கு ஒரு தடவை டிரம்மு நெறைஞ்சி பழைய இரும்புக்காரன் தூக்கிட்டுப் போவான். எங்களுக்கு அது பல்லு தேய்க்கிற மாதிரி. யோசிச்சி செய்யறது கெடையாது.

பன்னெண்டு பதிமூணு வருஷம் முன்னாடி சிதம்பரத்துல இருந்து ஒரு டாக்டர் அம்மா வாரத்துல மூணு நாளு கடலூர் வந்து நோயாளிங்களைப் பாப்பாங்க. புதுசா ஒரு டீசல் கார் வாங்கியிருந்தாங்க. அவுங்க உள்ள நோயாளி பாக்குற நேரத்துல டிரைவர் வண்டியை எங்க ஷெட்டுப் பக்கம் கொண்டாந்து நிழல்ல நிறுத்துவாரு. அவருதான் கலியமூர்த்தி. குமராட்சிக்கு அந்தாண்ட கொள்ளிடக் கரையில ஊரு. ரொம்ப வருஷம் லாரி ஓட்டி முதுகு போச்சி, டாக்டர் வீட்டு வேலை கெடைச்சப்புறம்தான் மனுஷன் ஒழுங்கா சோறு சாப்பிட்டாரு. காலையில மொத மினி பஸ்ஸைப் புடிச்சி சிதம்பரம் வந்து, வண்டி மூடியைத் தெறந்து, ரேடியேட்டருக்குள்ள வெரலை விட்டுத் தண்ணி பாத்துட்டுதான் சாவியைப் போடுவாரு. தண்ணி கொறைஞ்சிருந்தா வெரலு சொல்லும்ணே, கண்ணு ஏமாத்தும்பாரு. டாக்டர் அம்மா டிரைவர்னு ஊருல அவருக்கு ஒரு மரியாதை இருந்துச்சி. அதை அவரு பத்திரமா வெச்சிருந்தாரு.

பங்குனி மாசம் அந்தக் காரு சர்வீஸுக்கு வந்துச்சி. ஆயில் மாத்தினேன், பில்டர் மாத்தினேன். வால்வையும் கழட்டி டிரம்முல போட்டேன். யாரும் எனக்குச் சொல்லல. என் கை தானாப் போச்சி.

மூணாவது வாரம் புதுச்சத்திரத்துல டெம்பரேச்சர் முள்ளு சிவப்புக்கு ஏறிடுச்சி. கலியமூர்த்தி வண்டியை ஓரங்கட்டி, ஆற வெச்சி, தண்ணி ஊத்தி, மெதுவா உருட்டிக்கிட்டு ஷெட்டுக்கு வந்தாரு. மாமா காதை வெச்சிக் கேட்டாரு. "ரேடியேட்டர் அடைச்சிருக்கு." கழட்டி, குழாய் குழாயா கம்பி விட்டுக் குத்தி சுத்தம் பண்ணி மாட்டினோம். மைதானத்தைச் சுத்தி நாலு ரவுண்டு, வண்டிப்பாளையம் வரைக்கும் ஒரு ஓட்டம். முள்ளு பாதியைத் தாண்டல. அனுப்பிட்டோம். எட்டு நாளு கழிச்சி ஆலப்பாக்கத்துல மறுபடியும் கொதிச்சி நின்னுச்சி.

ரெண்டாவது தடவை வாட்டர் பம்ப் மாத்தினோம். அன்னிக்கிக் கலியமூர்த்தி என்கிட்ட வந்து, "அண்ணே, ஒண்ணு சொல்லட்டுமா? ரோட்டுல கொதிச்சி நிக்கும்போது தொட்டுப் பாத்தேன். ரேடியேட்டர் ரப்பர் குழாய்ல மேல் ஓஸ் சுடுது. கீழ் ஓஸ் ஜில்லுன்னு கெடக்குது. எஞ்சினை ஒட்டினாப்பல சின்னதா ஒரு ஓஸ் போவுதே, அதைத் தொடவே முடியல"ன்னாரு.

நான் வாயைத் தெறக்கறதுக்குள்ள மாமா திரும்பினாரு. "நீ டிரைவரா, மெக்கானிக்கா?"

"டிரைவர்தான் மாமா. தோணுச்சி, சொன்னேன்."

"தோணினா வீட்டுல போயி சொல்லு. போ, டீ குடிச்சிட்டு வா."

ஷெட்ல எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அந்தாளு சொன்னதுல மொத்த வைத்தியமும் இருந்துச்சி. எஞ்சின் கொதிக்குது, ஆனா ரேடியேட்டருல இருந்து வர்ற ஓஸ் ஜில்லுன்னு இருக்குதுன்னா, சூடான தண்ணி ரேடியேட்டர் பக்கம் ஒழுங்காவே போகலன்னு அர்த்தம். எங்க போகுதுன்னு தேடியிருக்கணும். நான் பம்ப் போல்ட்டை முறுக்கிக்கிட்டு இருந்தேன்.

மூணாவது தடவை வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டு வந்தாங்க. சூடு தாங்காம எஞ்சின் ஹெட்டு வளைஞ்சி, கேஸ்கட்டு போயி, ஆயில்ல தண்ணி கலந்து பால் காபி மாதிரி இருந்துச்சி. ஹெட்டை எறக்கி, லேத்துல குடுத்துச் சமப்படுத்தி, புது கேஸ்கட் போட்டேன். பத்து நாளு வேலை. அந்தப் பத்து நாளும் கலியமூர்த்தி பஸ் புடிச்சி வந்து பக்கத்துல நின்னுக்கிட்டே இருந்தாரு. டாக்டர் அம்மா பஸ்ஸுல போய் வர்றாங்கன்னு அவருக்கு ஒரே உறுத்தல். "நம்ம வண்டியால அவுங்களுக்குக் கஷ்டம்ணே"ன்னு தெனமும் சொல்லுவாரு. வண்டி எடுத்துட்டுப் போன அஞ்சாம் நாளு, பெரியப்பட்டு தாண்டி நடு ரோட்டுல மறுபடியும் ஆவி பறந்துச்சி. கடலூர்ல ஆபரேஷனுக்கு ஆளு காத்துக்கிட்டு இருக்க, டாக்டர் அம்மா ஒரு வேன்ல ஏறி வந்து, வேலையை முடிச்சிட்டு நேரா ஷெட்டுக்கு வந்துட்டாங்க. அதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடிதான் கலியமூர்த்தி வழியெல்லாம் நின்னு நின்னு தண்ணி ஊத்தி, வண்டியை உருட்டிக்கிட்டு வந்து சேர்ந்திருந்தாரு.

டாக்டர் அம்மா கத்தல. அவுங்க கத்துற ஆளு கெடையாது. "நாலாவது தடவை. என்னதான் பிரச்சனை, யாராவது சொல்லுங்க"ன்னு நின்னாங்க. மாமா ஈரச் சாக்கை எடுத்தாரு. ரேடியேட்டர் மூடி மேல போட்டு, முகத்தை ஒரு பக்கமா திருப்பிக்கிட்டு, மெதுவா கால் திருகு திருகி ஆவியை விட்டு, அப்புறம் முழுசாத் தெறந்தாரு. அழகா செய்வாரு அதை. "பாருங்கம்மா. தண்ணி எங்க?" உள்ள தண்ணி தெரியல. தெரியாது. கொதிச்ச வண்டியில தண்ணி பொங்கி ரோட்டுலயே கொட்டியிருக்கும். எனக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். டாக்டர் அம்மாவுக்குத் தெரியாது.

"அம்மா, தெனமும் வெரலை விட்டுப் பாத்துட்டுத்தாம்மா எடுக்கறேன்"ன்னாரு கலியமூர்த்தி. "கோயில்ல வேணாலும் வந்து சத்தியம் பண்றேன்."

"தண்ணி பாக்காம ஓட்டினா தங்கத்துல எஞ்சின் செஞ்சாலும் தாங்காதும்மா"ன்னாரு மாமா. "நாங்க எத்தனை தடவை பண்ணி என்ன பிரயோசனம்?"

டாக்டர் அம்மா என்னைப் பாத்தாங்க. எஞ்சினைத் தெறந்தவன் நான்னு அவுங்களுக்குத் தெரியும். "நீங்க சொல்லுங்க சவரிமுத்து."

கலியமூர்த்தியும் என்னைத்தான் பாத்தாரு. மனுஷன் மொகத்துல பயம்கூட இல்ல. நான் உண்மையைச் சொல்லிடுவேன்னு நம்பிக்கிட்டு இருந்தாரு. ஆனா உண்மை என்னன்னு எனக்கும் அப்ப தெரியாது. தெரியலம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முப்பத்தியொரு வருஷத்துல அந்த வார்த்தையை எங்க ஷெட்ல ஒருத்தரும் சொன்னதில்ல. "மாமா சொல்றது சரிதான்மா"ன்னு சொன்னேன்.

"எழுதிக் குடு மச்சான்"ன்னாரு மாமா. வண்டிக்கு என்ன கோளாறு, என்ன பண்ணோம்னு ஜாப் கார்டுல எழுதறது என் வேலை, என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்குமே. தண்ணீர் இல்லாமல் இயக்கப்பட்டுள்ளது, ஓட்டுநரின் கவனக்குறைவுன்னு எழுதி, கீழ கையெழுத்துப் போட்டேன். ஒரு எழுத்துகூடக் கோணல.

அந்த வாரமே கலியமூர்த்திக்கு வேலை போச்சி. சிதம்பரம் ஒண்ணும் பெரிய ஊரு கெடையாது. நாலு வீதி டிரைவருங்களும் ஒரே டீக்கடையில நிப்பாங்க. கடலூர் மாமா ஷெட்லயே எழுதிக் குடுத்துட்டாங்கன்னு பேச்சு பரவிடுச்சி. அவரு மூணு நாலு வீட்டுல போயி கேட்டிருக்காரு. தண்ணி பாக்காத டிரைவருக்கு எவன் சாவி குடுப்பான்? லாரிக்குத் திரும்ப முதுகு விடல. இதெல்லாம் புது டிரைவர் வண்டியைக் கொண்டாந்தப்ப சொல்லித்தான் எனக்குத் தெரியும். புது டிரைவர் ஏன் வந்தான்? ஒரு மாசத்துக்குள்ள வண்டி மறுபடியும் கொதிச்சிடுச்சி, அதனால வந்தான்.

மாமா அப்ப குடும்பத்தோட ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போயிருந்தாரு. ரெண்டு நாளு ஷெட்டு என் பொறுப்பு. நானே மூடியைத் தெறந்து வழிய வழிய தண்ணி ஊத்தி, புது டிரைவரைப் பக்கத்துல உக்கார வெச்சிக்கிட்டு, ஏசியைப் போட்டு சிதம்பரம் ரோட்டுல வெரட்டினேன். காரைக்காடு தாண்டினதும் முள்ளு ஏற ஆரம்பிச்சுது. ஆலப்பாக்கத்துல நிறுத்தி வண்டி மூடியைத் தூக்கினேன். ஒரு சொட்டுகூட இன்னும் பொங்கல, தண்ணி முழுசா இருக்கு. கையை வெச்சேன். மேல் ஓஸ் சுடுது. கீழ் ஓஸ் ஜில்லுன்னு இருக்கு. எஞ்சினை ஒட்டிப் போற சின்ன ஓஸ்ல வெரலு பட்டதும் இழுத்துக்கிட்டேன். கலியமூர்த்தி சொன்ன அதே மூணு.

ஷெட்டுக்கு வந்து வால்வு இருக்கற கூட்டைத் தெறந்து டார்ச் அடிச்சிப் பாத்தேன். அடியில இன்னொரு ஓட்டை. டிரம்மைக் கவுத்து, அதே கம்பெனி வண்டி வால்வு ஒண்ணைத் தேடி எடுத்தேன். பழைய வண்டி வால்வுல இல்லாத ஒரு வட்டத் தகடு இதுக்கு அடியில தொங்குச்சி. எதுக்கு இதுன்னு பாத்திரத்துல தண்ணி வெச்சி, நூல்ல கட்டி உள்ள விட்டு, அடுப்பைப் பத்த வெச்சேன். தண்ணி கொதி வர்ற சமயத்துல வால்வு மெதுவா வாயைத் தெறந்துச்சி. தெறக்கத் தெறக்க அடித் தகடு கீழ எறங்குச்சி. கூட்டுக்குள்ள வெச்சிப் பாத்தா, அந்தத் தகடு போயி உக்கார்ற எடம் அந்த ஓட்டைதான்.

புரியறதுக்கு வேற ஒண்ணும் வேணாம். இந்த எஞ்சின்ல தண்ணிக்கு ரெண்டு வழி. ஒண்ணு ரேடியேட்டருக்கு, ஒண்ணு குறுக்கு வழியா திரும்ப எஞ்சினுக்கே. சூடானதும் அந்தக் குறுக்கு வழியை அடைக்கறது வால்வோட அடித் தகடு. வால்வே இல்லன்னா குறுக்கு வழி எப்பவும் தெறந்தே கெடக்கும். பாதிக்கு மேல தண்ணி ஆறாமலே எஞ்சினுக்குள்ள சுத்தும். ஊருக்குள்ள மெதுவா ஓட்டும்போது தெரியாது, ரோட்டுல ஏசி போட்டு அழுத்தினாதான் தெரியும். நாங்க ஓட்டிப் பாத்தது அத்தனையும் மைதானத்தைச் சுத்தி, ஊருக்குள்ளதான். வண்டியைக் கெடுத்தது என் கை. பங்குனி மாசம் சர்வீஸுக்கு வந்த அன்னிக்கே கெடுத்தாச்சி. அதுக்கப்புறம் பண்ண ரேடியேட்டரு, பம்ப்பு, ஹெட்டு அத்தனையும் தண்டம்.

புது வால்வு வாங்கி மாட்டினேன். அன்னிக்கி மத்தியானமே சிதம்பரம் போயி திரும்பினேன். முள்ளு அசையல.

மாமா வந்ததும் பாத்திரத்தை அடுப்புல வெச்சி அவருக்கும் காட்டினேன். வெள்ளைச் சட்டையில கை கட்டிக்கிட்டு, தகடு எறங்கறதைக் கடைசி வரைக்கும் பாத்தாரு. அவருக்கு ரெண்டாந்தரம் சொல்ல வேண்டியிருக்கல. அடுப்பை அவரே அணைச்சாரு.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல மாமா. டாக்டர் அம்மாகிட்ட சொல்லணும். அந்தக் கலியமூர்த்தி…"

"டேய் சவரி. இது வெளிய போச்சின்னா, இத்தனை வருஷம் நாம கழட்டிப் போட்ட வண்டி அத்தனையும் நாளைக்கு வாசல்ல வந்து நிக்கும். ஷெட்டை மூடிட்டு நீ எங்க போவ, நான் எங்க போவேன்? ரேடியேட்டர் மூடி மாத்தினோம்னு எழுதி அனுப்பு."

"அந்தாளுக்கு வேலை போச்சே மாமா."

"டிரைவருக்கு வண்டியா கெடைக்காது? பாத்துக்குவான்."

நான் மூடி மாத்தினதா எழுதினேன். ஏன் எழுதினேன்னு பசங்க கேப்பானுங்க. பயம்தான், வேற ஒண்ணும் இல்ல. எனக்கு அப்ப வேற தொழில் தெரியாது, வேற ஷெட்டும் தெரியாது. அதோட வெக்கம். கழட்டினது மாமா இல்ல, நானு. மறுநாள்ல இருந்து எங்க ஷெட்ல வால்வு கழட்டறது நின்னு போச்சி. காரணத்தை யாரும் கேக்கல, மாமாவும் சொல்லல. டிரம்மை மட்டும் வெளிய தூக்கிட்டாங்க. டாக்டர் அம்மா வண்டி அப்புறம் வருஷக் கணக்கா ஓடுச்சி. மாமா கைக்குப் போனாதான்ப்பா வண்டின்னு அவுங்களே நாலு பேருக்குச் சொல்லி அனுப்பினாங்க.

ஞாயித்துக்கெழமை பூசைக்குப் போவேன். பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட எதை எதையோ சொல்லியிருக்கேன், இதைச் சொன்னதில்ல. போன வருஷம் மாமா போயிட்டாரு. ஊரே திரண்டு வந்துச்சி. தொழில்ல அவரு தப்பு பண்ணதே இல்லன்னு மைக்குல ஒருத்தன் பேசினான். நான் மொத வரிசையில நின்னுக்கிட்டு இருந்தேன். அவரு இருந்த வரைக்கும் வராத தைரியம் அவரை எடுத்ததும் எனக்கு வந்துச்சி. அதுக்குப் பேரு தைரியமான்னு நீங்களே சொல்லுங்க. அடுத்த வாரம் குமராட்சிக்கு பஸ் ஏறினேன்.

கலியமூர்த்தி வாசல்ல உக்காந்து அருவாளுக்குப் பிடி போட்டுக்கிட்டு இருந்தாரு. இப்ப ரெண்டு மாடு வெச்சிருக்காரு, பால் ஊத்துறாரு. என்னை உடனே அடையாளம் கண்டுக்கிட்டு, "வாங்கண்ணே"ன்னு நாற்காலியைத் தொடைச்சிப் போட்டாரு. வேலையைப் பறிச்சவன் வந்திருக்கான், நாற்காலி போடுறாரு. எனக்கு உக்காரவே கூசுச்சி. சுத்தி வளைக்காம எல்லாத்தையும் சொன்னேன். வால்வு, குறுக்கு வழி, நான் மூடி மாத்தினதா எழுதினது, எல்லாம். அருவாளைக் கீழ வெச்சிட்டுக் கேட்டாரு.

"மொதல்ல ரொம்ப நாளு சத்தியம் பண்ணேண்ணே, நான் பாத்தேன் பாத்தேன்னு"ன்னாரு. "வீட்லயே கேட்டாங்க. அவ்வளவு பெரிய மெக்கானிக்கு பொய்யா எழுதிக் குடுப்பாரான்னாங்க. யோசிச்சி யோசிச்சி, ஒருநாளு மினி பஸ் லேட்டாயி, அவசரத்துல தண்ணி பாக்காம வண்டி எடுத்தது ஞாபகம் வந்துடுச்சி. அந்த அவசரம், சாவி, எல்லாம் அப்படியே கண்ணுல நிக்குது. சரி, நம்ம தப்புதான்னு விட்டுட்டேன்." "அப்ப அப்படி ஒரு நாளே இல்லையா?"

"இருந்திருந்தாலும் வண்டி அதனால கொதிக்கல, கலியமூர்த்தி."

"இருங்க, சட்டை மாத்திக்கிட்டு வரேன். டாக்டர் அம்மாகிட்ட இதை நீங்க சொல்லணும்."

ரெண்டு பேரும் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினோம். டாக்டர் அம்மாவுக்கு வயசாயிடுச்சி, வைத்தியம் பாக்கறதை விட்டுட்டாங்க. எங்களை உக்காரச் சொன்னாங்க. கலியமூர்த்தி உக்காரல. நின்னுக்கிட்டே, "அண்ணே, சொல்லுங்க"ன்னாரு. இஸ்திரி போட்ட சட்டை, சீவின தலை. நான் எழுதிக் குடுத்தது பொய்ம்மா, இவரு மேல ஒரு தப்பும் இல்ல, தப்பு பண்ணது நானுன்னு வார்த்தை வார்த்தையா சொன்னேன்.

அந்தம்மா கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாங்க. "அந்தக் காரு ரொம்பப் படுத்துச்சி, அது ஞாபகம் இருக்கு"ன்னாங்க. அப்புறம் அவரைப் பாத்து அன்பாத்தான் கேட்டாங்க. "கலியமூர்த்தி, நீங்க முதுகு வலின்னு நீங்களாவே நின்னுட்டீங்க இல்ல? நானா அனுப்பினேன்?"

கலியமூர்த்தி என்னைப் பாத்தாரு, அவுங்களைப் பாத்தாரு. "ஆமாம்மா, முதுகு வலிதான்"ன்னாரு. காபி குடுத்தாங்க, குடிச்சோம். முதுகுக்கு ஒரு தைலத்தோட பேரை எழுதிக் குடுத்தாங்க. அதை மடிச்சி பாக்கெட்ல வெச்சிக்கிட்டாரு.

பஸ் ஸ்டாண்டுல குமராட்சி மினி பஸ்ஸுக்கு நின்னோம். மன்னிச்சிடுங்க கலியமூர்த்தின்னு கையைப் புடிச்சேன். அவரு உதறல, பதிலுக்குப் புடிக்கவும் இல்ல.

"என் தப்புன்னு நெனைச்சிக்கிட்டு ஒருமாதிரி சமாதானமா இருந்தேண்ணே"ன்னாரு. "தப்பு பண்ணேன், போச்சி, அவ்வளவுதான்னு இருந்துச்சி. இப்ப வேலை ஒண்ணுமில்லாததுக்குப் போயிருக்குன்னு வந்து சொல்லிட்டீங்க. அவுங்களுக்கு ஞாபகம்கூட இல்ல. உங்களுக்கு மனசு பாரம் எறங்கிடுச்சி. நான் இனிமே ராத்திரியில இதை வெச்சிக்கிட்டு என்ன பண்றது?"

பஸ் வந்துச்சி. படியில ஏறினவரு திரும்பி, கோவமே இல்லாம, "இனிமே வீட்டுக்கு வராதீங்கண்ணே"ன்னாரு.

சரின்னு சொன்னேன்.